முடிவு தெரிந்த பிறகும் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பத்து வருடமாக த்ரில்லர் படங்களும் மர்ம நாவல்களுமாகவே பார்த்தும் படித்தும் வந்திருக்கிறீர்கள். இப்போதெல்லாம் எந்தப் படம் போட்டாலும் அரை மணி நேரத்தில் "இவன்தான் செய்திருப்பான்" என்று பிடிபட்டுவிடுகிறது, மிச்சப் படம் சப்பென்று போய்விடுகிறது. ஆனால் ஏற்கெனவே மூன்று தடவை பார்த்த ஒரு படத்தை நான்காம் தடவை போட்டால், அதே காட்சியில் உள்ளங்கை வியர்க்கிறது. ரசனை மழுங்கிவிட்டதா, இல்லை வருகிற கதைகள் மோசமாகிவிட்டனவா என்று கேட்கிறீர்கள். நாவலை முதலில் படிப்பதா, படத்தை முதலில் பார்ப்பதா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: முடிவு தெரியாமல் இருப்பதுதான் த்ரில்லரின் உயிர் என்றால், தெரிந்த கதை எப்படி இன்னும் நம்மை ஆட்டிவைக்கிறது?

நான் இருபது வருடத்துக்கும் மேலாக எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருப்பவன். கை வைத்த படங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். நாவல் எனக்குத் தொழில் அல்ல, சிறு வயதிலிருந்து விடாத பழக்கம். ஆகவே படத்தைப் பற்றிச் சொல்வதை அனுபவமாகவும், நாவலைப் பற்றிச் சொல்வதை ஒரு வாசகனின் அபிப்பிராயமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். சில கதைகளின் உள்ளே போகாமல் இதை விளக்க முடியாது. முடிந்தவரை கொலைகாரன் யார் என்பதைச் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' ஒன்றில் மட்டும் கதையின் ஒரு முடிச்சைத் தொட வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்காதவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடலாம். த்ரில்லர் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று புதிர்: யார் செய்தது, எப்படிச் செய்தது. இரண்டாவது அதிர்ச்சி: எதிர்பாராத நேரத்தில் ஒன்று நடந்து தூக்கிவாரிப் போடுவது. மூன்றாவதுதான் சஸ்பென்ஸ்: நடக்கப்போவது நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது, அல்லது இருவருக்கும் தெரிந்தும் தடுக்க வழியில்லை. இந்தப் பிரிவினை என்னுடையது அல்ல. 1962-இல் த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கும் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவும் நாள் கணக்கில் உட்கார்ந்து பேசியது பின்னர் புத்தகமாக வந்தது. அதில் ஹிட்ச்காக் சொல்லும் மேஜைக்கடி குண்டு உதாரணம் திரைக்கதை எழுதும் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து ஏதோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில் குண்டு வைக்கப்பட்டதையும், அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும், சுவரிலிருக்கும் கடிகாரத்தையும் நமக்கு முன்பே காட்டிவிட்டால், அதே சாதாரணப் பேச்சு பதினைந்து நிமிடத்துக்கு நம்மைப் பிடித்து உலுக்கும். இதில் மாறியது ஒன்றே ஒன்றுதான். நமக்குக் கூடுதலாக ஒரு தகவல் தெரிகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது சரி என்று தலையாட்டினேன். உண்மையில் புரிந்தது ஒரு கண்ணாடியால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காட்சியை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருவன் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து அலமாரியில் ஒரு கடிதத்தைத் தேடுகிறான். வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார். தேடிக்கொண்டே இருக்கும்போது கதவு திறக்கிறது. போட்டுப் பார்த்தபோது அறையில் இருந்த எல்லோரும் ஒரு தடவை துள்ளினார்கள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய மூன்று நிமிடத் தேடலில் ஒருவர் செல்போனைப் பார்த்தார், ஒருவர் கொட்டாவி விட்டார். இயக்குநருக்குத் திருப்தி இல்லை. படம் பிடித்து வைத்திருந்த மிச்ச ஷாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒன்று கிடைத்தது. வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி மேஜையில் பத்திரிகைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வேறு எதற்கோ எடுத்த ஷாட், இரண்டு விநாடிதான் இருக்கும். அதை அவர் வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கிப் போகும் ஷாட்டுக்கு அடுத்து வைத்தேன். தேடலில் வேறு எதையும் மாற்றவில்லை. திரும்பப் போட்டபோது யாரும் அசையவில்லை. அவர் கண்ணாடிக்காகத் திரும்பி வருவார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஆள் அலமாரியின் மேல்தட்டில் நிதானமாகக் கையை விடும்போது பின்னாலிருந்து ஒருவர் "சீக்கிரம் டா" என்றார். கதவு திறந்தபோது யாரும் துள்ளவில்லை, ஆனால் அறை முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. அன்றிலிருந்து ஒரு காட்சி தொய்வாக இருந்தால் வேகமாக வெட்டலாமா என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். இதில் பார்ப்பவருக்கு என்ன தெரியவில்லை என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இதையே ஒரு மேதை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் வரும் விருந்துக் காட்சியைப் பாருங்கள். இங்க்ரிட் பெர்க்மன் பாத்திரம் கணவனின் சாவிக்கொத்திலிருந்து மதுக்கிடங்கின் சாவியைத் திருடி வைத்திருக்கிறாள். கேமரா மாடியின் உச்சியிலிருந்து, கூடம் முழுக்க நிறைந்த கூட்டத்தைக் காட்டியபடி மெல்ல இறங்கி, கடைசியில் அவள் மூடிய கையில் இருக்கும் அந்தச் சாவியில் வந்து நிற்கிறது. பலரும் இந்த ஷாட்டைப் பாராட்டி நிறுத்திக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் அதற்கு அப்புறம் வருவதுதான் பெரிய வேலை. ஷாம்பெயின் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வருகின்றன. தீர்ந்தால் கணவன் கிடங்குக்கு இறங்குவான், இறங்கினால் இவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கடிகாரம் எங்கேயும் இல்லை. குறைந்துகொண்டு வரும் பாட்டில்கள்தான் கடிகாரம். விருந்தாளி ஒருவர் கோப்பையை நீட்டினாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. கதை தெரியாத புது ஆளும் சரி, பத்து தடவை பார்த்த நானும் சரி, அந்தப் பாட்டில்களை எண்ணாமல் இருக்க முடிந்ததில்லை.

இப்போது உங்கள் முதல் சங்கடத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அலுத்துப்போனது புதிர். அது அலுத்துப்போவது இயற்கை, உங்கள் குற்றம் இல்லை. நூறு குறுக்கெழுத்துக் கட்டம் போட்டவருக்கு நூற்றியொன்றாவது சுலபமாகத்தான் இருக்கும். அதிலும் சினிமாவில் நாம் கதையை வைத்துக் கண்டுபிடிப்பதில்லை, எடுத்தவர்களை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். நல்ல பெயர் உள்ள நடிகர் ஒருவர் வேலையே இல்லாத பாத்திரத்தில் ஓரமாக நின்றால், சந்தேகம் தானாகவே அவர் பக்கம் திரும்புகிறது. தேவைக்கு மேல் உதவி செய்யும் நண்பன், காரணமில்லாமல் ஒரு குளோசப் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர், எல்லாம் அதே கணக்கு. நாவலில் இது இன்னும் பழைய ஆட்டம். ரொனால்ட் நாக்ஸ் என்ற எழுத்தாளர் 1929-இலேயே துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். அதாவது புதிர்க்கதை என்பது ஆசிரியரும் வாசகரும் விதி வைத்து ஆடும் ஆட்டம். ஆடி ஆடி நீங்கள் தேறிவிட்டீர்கள்.

தேறிய பிறகும் சில புதிர்க்கதைகள் நிற்கின்றன. அவற்றில் 'யார்' என்பதைவிட 'ஏன்' கனமாக இருக்கும். எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) எனக்கு அப்படி ஒரு படம். பாட்டு ஒன்றுகூட இல்லாமல், எடுத்த எடுப்பிலேயே நாயகனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, மிச்ச நேரம் முழுக்க அவன் யார் என்று ஒவ்வொருவர் வாயாலும் கேட்க வைக்கிறது. கொன்றது யார் என்று தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்தால், அந்த ஆளின் முகபாவம் ஒவ்வொன்றுக்கும் வேறு அர்த்தம் வருகிறது. இரண்டாம் தடவை பார்க்கும்போது முதல் தடவையைவிட நன்றாக இருந்தால் அந்தப் புதிர் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வேன். நான் நாள்பட வைத்திருக்கும் அளவுகோல் இது. விடை தெரிந்தவுடன் சக்கையாகிவிடும் கதை, எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும், ஒரு தடவைக்குத்தான்.

'வெர்டிகோ' பற்றிச் சொல்கிறேன் என்றேன். பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். பிரெஞ்சு இரட்டை எழுத்தாளர்களான புவாலோவும் நார்செஜாக்கும் 1954-இல் எழுதிய நாவல்தான் அதன் மூலம். இறந்துபோன காதலியைப் போலவே இன்னொருத்தியைச் சந்திக்கும் ஒருவனின் கதை. இருவரும் ஒருத்திதானா என்ற விடையை நாவல் கடைசிவரை கையில் இறுக்கி வைத்திருக்கிறது. 1958-இல் படமாக்கிய ஹிட்ச்காக் அந்த விடையைப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் பார்வையாளர்களிடம் போட்டு உடைத்துவிட்டார். நாயகனுக்கு மட்டும் தெரியாது. கூட இருந்தவர்களுக்கே அதில் தயக்கம் இருந்தது. ஆனால் அந்த இடத்திலிருந்து படம் வேறு ஒன்றாக மாறுகிறது. அவன் அவளுக்கு அந்தக் காதலி உடுத்திய மாதிரியே உடை வாங்கிக் கொடுத்து, கூந்தலின் நிறத்தை மாற்றச் சொல்லி, கொண்டையை அதே மாதிரி முடியச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் ஒவ்வொரு முறையும், அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிகிறது. ரகசியத்தைக் காப்பாற்றியிருந்தால் கடைசியில் ஒரு நிமிட ஆச்சரியம் கிடைத்திருக்கும். அதை விட்டுக்கொடுத்ததால் அரை மணி நேர வேதனை கிடைத்தது.

ட்விஸ்ட் எங்கே வருகிறது என்பது, அது என்ன ட்விஸ்ட் என்பதைவிட முக்கியம் என்று நான் நம்புவதற்கு இது மட்டும் காரணமில்லை. ஜீத்து ஜோசப்பின் 'த்ரிஷ்யம்' (2013), தமிழில் 'பாபநாச'மாக வந்தது, கொலையை நம் கண் முன்னாலேயே நடத்திக்காட்டிவிடுகிறது. யார் செய்தது, ஏன் செய்தது, எல்லாம் தெரியும். அந்தக் குடும்பம் சொல்லும் பொய் எப்படிக் கட்டப்பட்டது என்பதும் பெரும்பாலும் தெரியும். அதனால்தான் சின்னப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து விசாரிக்கும்போது நாமே அந்தப் பொய்யை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடைசிவரை ஒளித்துவைப்பது ஒரே ஒரு சங்கதியைத்தான். அதையும் பேச்சே இல்லாமல் சொல்லிவிட்டுப் படம் முடிகிறது. இப்படி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் திறந்து காட்டிவிட்டு, ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளும் கதைகள்தான் மறுபடி மறுபடி பார்க்க நிற்கும் என்பது என் அனுபவம்.

முடிவு முழுக்கவே தெரிந்த கதைக்குச் சிறந்த சாட்சி ஃப்ரெட்ரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கால்' (1971) நாவல். பிரெஞ்சு அதிபர் ஷார்ல் து கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளி அமர்த்தப்படுகிறான். து கோல் 1970 நவம்பரில் தன் வீட்டில் இயற்கையாக இறந்தவர். அவரை யாரும் சுட்டுக் கொல்லவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். முடிவு தெரிந்த கதையை யார் படிப்பார்கள் என்று சில பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. ஆனால் படிக்கும்போது நம் கவனம் "கொல்வானா" என்பதில் இருப்பதே இல்லை. இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்து எப்படிப் பாஸ்போர்ட் வாங்குகிறான், துப்பாக்கியைப் பாகம் பாகமாகக் குழாய்களுக்குள் எப்படி ஒளிக்கிறான், போலீஸ் அதிகாரி லெபெல் எந்தச் சின்ன நூலைப் பிடித்து அவனை நெருங்குகிறார் என்பதிலேயே ஊறிப்போகிறோம். ஒரு பக்கம் வேட்டைக்காரன், இன்னொரு பக்கம் அவனையே வேட்டையாடும் ஆள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் இருவருக்கும் நடுவிலிருக்கும் தூரம் கொஞ்சம் குறைகிறது. அந்தத் தூரத்தைத்தான் நாம் படிக்கிறோம்.

இதுவரை சொன்னது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை. ஏன் இப்படி நடக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது, அது என் துறையும் இல்லை. உளவியலாளர்கள் இதை 'சஸ்பென்ஸின் முரண்' என்கிறார்கள். ரிச்சர்ட் கெரிக் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரலாற்று உண்மையைப் பற்றி, அது நடக்காமல் போயிருக்குமோ என்று பதற வைக்கும் விதத்தில் எழுதிய பத்தியைப் படிக்கக் கொடுத்தார். ஜார்ஜ் வாஷிங்டன் முதல் அதிபர் ஆனார் என்பது போன்ற உண்மைகள்தான். படித்தவர்கள் அந்த உண்மையை உறுதிசெய்ய வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இருக்கும்போது, தெரிந்தது மனசின் ஓரத்துக்குப் போய்விடுகிறது என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம். ஸ்பாய்லர் பற்றிய விவகாரம் இன்னும் கலங்கலாக இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் சிறுகதைகளை வைத்துச் செய்த சோதனையில், முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள் கூடுதலாக ரசித்ததாகத் தெரியவந்தது. சில வருடங்கள் கழித்து, 2015-இல் ஜான்சனும் ரோசன்பாமும் செய்த ஆய்வில் பெரும்பாலும் நேர்மாறாக வந்தது. ஆகவே "ஸ்பாய்லர் ஒன்றும் செய்யாது, ஆராய்ச்சியே சொல்லிவிட்டது" என்று யாராவது அடித்துச் சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். நான் யாருக்கும் முடிவைச் சொல்வதில்லை. முதல் தடவை பார்ப்பவரின் முதல் தடவை அவருக்கே சொந்தம்.

நிச்சயமாகச் சொல்லக்கூடிய இன்னொன்று, தகவல் மட்டும் போதாது என்பது. மேஜைக்கடியில் குண்டு இருக்கிறது, சரி, மேஜையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எனக்கு அக்கறை இல்லாவிட்டால் வெடித்தால் என்ன, வெடிக்காவிட்டால் என்ன? எஸ். பாலச்சந்தரின் 'பொம்மை' (1964) படத்தில் குண்டு ஒரு விளையாட்டுப் பொம்மைக்குள் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் கை மாறிப் போகும்போது, அதற்குள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். யார் கையிலெல்லாம் போகிறதோ அவர்கள் எல்லோரும் அந்த நிமிடமே நமக்கு வேண்டப்பட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். இதற்கு ஒரு எல்லையும் உண்டு. ஹிட்ச்காக்கின் 'சபோட்டாஜ்' (1936) படத்தில் ஒரு சிறுவன் உள்ளே குண்டு இருப்பது தெரியாமல் ஒரு பொட்டலத்தைச் சுமந்துகொண்டு, வழியில் ஒவ்வொன்றாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறான். பஸ்ஸில் ஏறுகிறான். குண்டு வெடித்து அவன் இறந்துவிடுகிறான். பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள். அப்படிச் செய்தது தவறு என்று ஹிட்ச்காக்கே பிற்பாடு ட்ரூஃபோவிடம் ஒப்புக்கொண்டார். இத்தனை நேரம் பதறிய பார்வையாளருக்கு ஒரு விடுதலை கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் இதில் அவரோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். அந்தச் சாவுக்குப் பிறகு வரும் சாப்பாட்டு மேஜைக் காட்சியில், சிறுவனின் அக்கா கையிலிருக்கும் கத்திக்கும் அவள் கணவனின் முகத்துக்கும் நடுவில் கண் போய்ப்போய் வருகிறதே, அது அந்தச் சாவு இல்லாமல் வந்திருக்காது.

அக்கறை என்றால் நல்லவர் மேல்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) கொலை நடந்த தடயத்தை அழிக்க, விடுதி நடத்தும் நார்மன் காரைச் சதுப்பில் தள்ளுகிறான். கார் மெல்ல மூழ்கிக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிடுகிறது. அவன் முகம் மாறுகிறது. அந்த ஒரு கணத்தில் நாமும் "முழுகித் தொலையேன்" என்று நினைக்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு முன் செத்தவளுக்காகப் பரிதாபப்பட்ட அதே நாம். பட்ரீஷியா ஹைஸ்மித் இதையே நாவல் நாவலாகச் செய்தார். 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' (1955) படிக்கும்போது, கொலைகாரன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று கதவு தட்டப்படும் ஒவ்வொரு தடவையும் நமக்குப் பதறுகிறது. ஒரு மனிதனின் பயத்துக்குள் நம்மை உட்காரவைத்துவிட்டால், அவன் எப்படிப்பட்டவன் என்பதை மனசு அப்புறம்தான் கேட்கிறது. இதில் நாவலைப் படம் நெருங்கவே முடியாது என்பது என் கட்சி.

பதிலுக்கு நேரத்தைக் கையாள்வதில் படத்தை நாவல் நெருங்க முடியாது. புத்தகம் நம் கையில் இருக்கிறது. பயந்தால் மூடி வைக்கலாம், பொறுக்க முடியாவிட்டால் கடைசிப் பக்கத்தைப் புரட்டலாம். அரங்கில் அது நடக்காது, ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று தீர்மானிப்பது வெட்டுபவர். கோயன் சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்தில் ஒரு ஓட்டல் அறைக் காட்சி இருக்கிறது. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுவேன். கட்டிலில் துப்பாக்கியோடு ஒருவன். கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு. அந்தக் கோட்டில் இரண்டு கால்களின் நிழல் வந்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் நகர்ந்து போகிறது. அப்பாடா என்று நினைக்கும்போது, வெளியே விளக்கு அணைந்து அந்தக் கோடே இல்லாமல் போகிறது. பின்னணி இசை கிடையாது, பேச்சு கிடையாது. நாங்கள் அந்தக் காட்சியை ஷாட் ஷாட்டாக எண்ணிப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு ஷாட்டும் நாம் எதிர்பார்ப்பதைவிட ஒரு மூச்சு அதிகமாக நிற்கிறது. பயத்தில் இருக்கும் மனிதனுக்கு நேரம் அப்படித்தான் ஓடும்.

இங்கிருந்து, கதைகள் மோசமாகிவிட்டனவா என்ற உங்கள் கேள்விக்கு என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் மோசமாகிவிடவில்லை. ஆனால் ஒரு பழக்கம் பரவிவிட்டது. கடைசி இருபது நிமிடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று ட்விஸ்ட், அதை விளக்க ஒரு நீளமான ஃப்ளாஷ்பேக், அதில் கொலைகாரனின் குழந்தைப் பருவக் கொடுமை. முதல் ட்விஸ்டில் கதை திரும்புகிறது. இரண்டாவதில் அதுவரை பார்த்தது எதையும் நம்ப வேண்டாம் என்றாகிவிடுகிறது. மூன்றாவது வரும்போது நமக்கு எதிலும் பிடிப்பே இல்லை, ஏனென்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் எதற்காகப் பயப்படுவது? இதோடு, முதல் ஷாட்டிலிருந்தே "பயப்படு பயப்படு" என்று முழங்கும் பின்னணி இசை. எங்கள் அறையிலேயே இதைப் பார்க்கிறேன். வெட்டி முடித்த காட்சி இசை இல்லாமல் மூச்சை அடக்க வைக்கும். இசை சேர்ந்து வந்ததும் அதே காட்சி எப்போது என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தண்டோரா போட்டுவிடும். நாவலில் இதற்கு ஈடானது ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் வலிந்து போடும் கொக்கி. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு அது தேவையாக இருந்தது, அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைக்க வேண்டுமே. ஒரே மூச்சில் படிக்கும் புத்தகத்தில், கதவைத் தட்டியது பால்காரர்தான் என்று அடுத்த பக்கத்திலேயே தெரிந்துவிடும்போது, நாலாவது கொக்கியில் வாசகர் ஏமாறுவதை நிறுத்திவிடுகிறார்.

விடையே இல்லாத கதை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிர் அலுத்தவர்களுக்கு அதுதான் நல்ல மருந்து. பொங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003), தென் கொரியாவின் ஹ்வாசொங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகளை வைத்து எடுத்தது. படம் வந்தபோது கொலையாளி பிடிபடவில்லை. ஆகவே படத்திலும் பிடிபடுவதில்லை. கடைசியில் வேலையை விட்டுவிட்ட அந்த முன்னாள் போலீஸ்காரர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். திரையரங்கில் எங்கோ அவனும் உட்கார்ந்திருக்கலாம் என்பது போல. 2019-இல் மரபணுச் சோதனையில், வேறு ஒரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்த ஒருவன் அடையாளம் காணப்பட்டான், அவனும் ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். விடை தெரிந்ததும் அந்தப் பார்வையின் கனம் குறைந்திருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். குறையவில்லை. அந்த முகத்தில் இருப்பது "யார் நீ" என்ற கேள்வி மட்டும் இல்லை, அத்தனை வருடம் தோற்றுப்போன களைப்பும் இருக்கிறது. அதற்கு மரபணுச் சோதனையில் விடை இல்லை.

ஆகவே உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காம் தடவையும் உள்ளங்கை வியர்க்கிறது என்றால் அது நன்றாகவே இருக்கிறது. கொஞ்ச காலத்துக்கு "எதிர்பாராத க்ளைமாக்ஸ்" என்று விளம்பரம் செய்யும் படங்களை விட்டுவிட்டு, குற்றம் முதலிலேயே தெரிந்துவிடும் கதைகளாகத் தேடிப் பிடியுங்கள். பார்க்கும்போது யார் செய்தது என்று யோசிப்பதற்குப் பதிலாக, இந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே வாருங்கள். உங்களைப் பிடித்து இழுக்கும் அந்தப் பழைய காட்சியையும் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் வியர்த்தால் அதைச் செய்தது எழுத்தும் வெட்டும். வியர்க்காவிட்டால் பெரும்பகுதி வேலையை ஒலிதான் செய்திருக்கிறது.

நாவலா படமா என்பதற்குப் பொதுவான விதி என்னிடம் இல்லை. ஒரு மனிதனின் மனசுக்குள்ளேயே நடக்கும் கதை என்றால், ரிப்ளி போல, நாவலை முதலில் படிப்பேன். படத்தை முதலில் பார்த்துவிட்டால் அந்த நடிகரின் முகம் வந்து அந்த மனசின் மேல் உட்கார்ந்துகொள்ளும். 'வெர்டிகோ' மாதிரி கண்ணால் பார்க்க வேண்டியதை நம்பி நிற்கும் கதைக்குப் படம் முதலில். ஜாக்காலுக்கு 1973-இல் ஃப்ரெட் ஜின்னெமன் எடுத்த படமும் அருமையானதுதான், ஆனாலும் நாவலில் தொடங்குங்கள், ஏற்பாடுகளின் ருசி அங்கேதான் நிதானமாகக் கிடைக்கும். து கோல் சாகவில்லை என்று தெரிந்தேதான் படிக்கப்போகிறீர்கள். கடைசிப் பக்கங்களில் அந்தக் குறி எதனால் தவறுகிறது என்பதை மட்டும் முன்கூட்டி யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். அது ஒரு வரிதான், ஆனால் அதற்கு முன் வந்த அத்தனை பக்கமும் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறது.